உப்பின் வயிற்றில் ஒரு சொட்டு

அந்தக் காலத்தில் உப்பும் சூரியனும்கூட வாய் திறந்து பேசும். அதிலும் பேரம் என்றால் தொண்டை வற்றும்வரை பேசும்.

உப்பளத்துப் பாத்தியில் கடல்நீர் கட்டிக் கிடந்தது. சூரியன் வந்து, அதில் கரைந்திருந்த உப்பிடம், "தண்ணீர் முழுக்க எனக்கு. நீ மட்டும் இங்கே கிட" என்றார்.

"முழுக்கவா? இத்தனை காலம் அதோடு கிடந்தவன் நான். எனக்கு ஒரு சொட்டுகூடக் கிடையாதா அண்ணாச்சி?"

"ஒளித்தாயோ, மறுபடியும் கடலிலேயே கரைத்துவிடுவேன்."

இப்படிப் பேசினால் யாருக்குத்தான் ரோஷம் வராது? தண்ணீர் ஆவியாகப் போகப் போக, உப்பு சுவர் எழுப்புகிற மாதிரி சதுரம் சதுரமாக இறுகியது. இறுகும்போதே ஒரு பொடிச் சொட்டை வயிற்றுக்குள் அமுக்கிக்கொண்டது.

அளத்தில் வேலை செய்யும் சந்தனமாரி அதை அள்ளி வந்தாள். கஞ்சியில் போடப் போனபோது கூரை ஓட்டை வழியாகச் சூரியன் எட்டிப் பார்த்தார்.

"நில்லு! வயிற்றில் என்ன?"

"காற்று, அண்ணாச்சி. வாயுத் தொல்லை."

"அப்படியா? அடுப்பில் குதி, பார்த்துவிடலாம்."

மாட்டேன் என்றால் குட்டு உடைந்துவிடும். உப்பு கண்ணை மூடிக்கொண்டு குதித்தது. உள்ளேயிருந்த சொட்டுக்குச் சூடு பொறுக்கவில்லை. அது ஆவியாகி முட்டிய முட்டில் உப்பு பட் படார் என்று வெடித்தது.

"மாட்டினாயா! தண்ணீர்! உலகத்து உப்பு மொத்தமும் கடலுக்கு நட!"

தொட்டிலில் கிடந்த கொழுகொழு பிள்ளை வீறிட்டது. சந்தனமாரிக்கு வந்ததே கோபம்! இனி உப்பில்லாத கஞ்சியை யார் குடிப்பது? அகப்பையோடு வாசலுக்கு வந்தாள்.

"நல்லாருக்கே சாமி உம்ம நியாயம்! எதுய்யா தண்ணி? எம்புள்ள மேல பட்ட கண்ணு வெடிக்குது, அது!"

"யார் கண்?"

"கேக்கதப் பாரு! காலைல இருந்து ஓட்ட வழியா எம்புள்ளய மொறச்சிக்கிட்டு நிக்கது யாரு?"

"நானா? நான் எல்லாப் பிள்ளைகளையும்தான்..."

"ஓஹோ, எல்லாப் புள்ளையளையுமா! இருங்க, தெருவுல இருக்க பொம்பளையள எல்லாம் கூப்பிடுதேன்."

சூரியன் முகம் சிவந்தது. மேற்கே விறுவிறுவென்று இறங்கிவிட்டார்.

அன்று முதல்தான் நெருப்பில் விழுந்த உப்பு வெடித்தால், உள்ளே தண்ணீரா என்று யாரும் கேட்பதில்லை, யார் கண்ணோ என்கிறார்கள். பிள்ளைக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுகிற பெண்களும், அந்த ஆள் இறங்கிப் போகும்வரை காத்திருக்கிறார்கள்.