மூன்றாவது கலயம்

செங்கானூரை ஆண்ட கண்டீரவ வளவனுக்கு எதிரிகளே கிடையாது, சொந்த வயிற்றைத் தவிர. காலையில் சபை கூடியதும் கட்டியக்காரன் மன்னரின் நாற்பத்தெட்டுப் பட்டங்களையும் பாடுவான். அவன் முடிக்கும்வரை கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள். யாரும் எழக்கூடாது, மன்னரும்தான். முப்பாட்டன் காலத்து வழக்கம். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டதுமே மன்னருக்கு அடிவயிறு முறுக்கும். பாட்டு முடிந்ததும் அவர் எடுக்கிற ஓட்டத்தைச் சபை பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கும்.

சிரிக்க மனம் வராது. பாதிச் சபைக்கும் அதே கோளாறு.

மருந்துக்கு மட்டும் பஞ்சமில்லை. தோணியப்ப வைத்தியர் மாதுளை ஓட்டுச் சூரணம் கொடுத்தார். ரங்கண்ண பண்டிதர் வில்வப்பழ லேகியம் கொடுத்தார்.

"என் சூரணத்தால் பத்துக்கு எட்டுப் பேர் குணமானார்கள், மன்னா!" என்றார் வைத்தியர்.

"யாருக்குக் கொடுத்தீர்? கல்லைத் தின்றாலும் செரிக்கிற மல்லர்களுக்கு!" என்றார் பண்டிதர்.

"நீர் மட்டும்? நோயாளிகள் எத்தனை முறை வெளியே போனார்கள் என்று பார்த்தீரா? எத்தனை முறை முனகினார்கள் என்றல்லவா எண்ணினீர்!"

மன்னர் பொறுமை இழந்தார். வாய்ச் சாமர்த்தியத்தாலேயே சபையில் இடம்பிடித்த செல்லநம்பியைப் பார்த்தார்.

"நம்பி, பௌர்ணமிக்குள் எது சிறந்த மருந்து என்று சொல். தோற்றவன் நாட்டைவிட்டுப் போக வேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்று மழுப்பினால் நீ போக வேண்டும்."

செல்லநம்பிக்குப் பகீரென்றது. பிரசவத்தில் அவன் மனைவியைக் காப்பாற்றியவர் வைத்தியர். மகளின் விஷக் காய்ச்சலை இறக்கியவர் பண்டிதர். யாரைத் துரத்துவது? அந்தக் கவலையில் அவன் வயிறும் கடமுடா என்றது.

மறுநாள் சபையின் வயிற்றுக் கோளாறுக்காரர்கள் முப்பது பேரை வரிசையில் நிறுத்தினான். மன்னரும் அவர்களில் ஒருவராக வெட்கத்தோடு வந்து நின்றார். ஒரே மாதிரி மூன்று கலயங்கள். யாருக்கு எந்தக் கலயம் என்பதைத் திருவுளச்சீட்டு முடிவு செய்தது. ஒன்றில் சூரணம் கரைத்த நீர், ஒன்றில் லேகியம் கரைத்த நீர். மூன்றாவதில் என்ன என்று செல்லநம்பி வாயே திறக்கவில்லை.

"போவதை எப்படி எண்ணுவாய்?" என்றார் மன்னர்.

"வாசலில் காவலன் இருப்பான். கலயத்துக்கு ஒரு சட்டி; ஒருவர் வெளியே போனால் அவருடைய சட்டியில் ஒரு புளியங்கொட்டை. ஆனால் அரசே, கதவு பூட்டியிருந்தால் யார் போக முடியும், எதை எண்ண முடியும்? பௌர்ணமிவரை தாழ்ப்பாளைக் கழற்றி வைக்க வேண்டும்."

மருந்துக்காக என்பதால் மன்னரும் சம்மதித்தார்.

பௌர்ணமி வந்தது. மூன்று சட்டிகளையும் சபை நடுவில் கவிழ்த்தார்கள். முதல் இரண்டு நாளும் குவிந்த கொட்டை அதற்குப் பிறகு விழவே இல்லை என்றான் காவலன். மூன்று கலயத்தாரும் ஒன்றுபோல் குணமாகியிருந்தார்கள்.

"எனக்கும் சுகம்!" என்றார் மன்னர். "நான் குடித்தது மூன்றாவது கலயம். நல்ல கசப்பு. என்ன மருந்து அது?"

"வெல்லத் தண்ணீர், அரசே."

"கசந்ததே!"

"இரண்டு வேப்பிலை போட்டேன். கசக்காவிட்டால் மருந்தென்று யார் நம்புவார்கள்?"

மன்னர் முகம் சிவந்தது. "அப்படியானால் எது சிறந்த மருந்து? சொல், இல்லையென்றால் இன்றே மூட்டை கட்டு!"

செல்லநம்பி பட்டுத்துணி போர்த்திய தாம்பாளத்தை அவர்முன் வைத்தான். மன்னர் துணியை விலக்கினார். உள்ளே சபைக் கதவின் இரும்புத் தாழ்ப்பாள்.

"முப்பது பேருக்கும் பொதுவாகக் கிடைத்த மருந்து இதுதான், அரசே. உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம், வெளியே பூசவும் வேண்டாம். மறுபடி மாட்டாமல் இருந்தால் போதும்."

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். வைத்தியரும் பண்டிதரும் ஊரிலேயே இருந்தார்கள், பழையபடி சண்டை போட்டுக்கொண்டு.

மறுநாள் கட்டியக்காரன் திறந்த கதவைப் பார்த்தபடி பாட ஆரம்பித்தான். பன்னிரண்டாவது பட்டத்தில் பாதிச் சபை காலி. வெளியே போன ஒருவருக்கும் வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. முதலில் எழுந்து போனவர் மன்னர்தான்.