காத்துல விழுந்த கழுகுக் கொடி

எங்க செவக்காட்டுச் சீமைக்கு முன்ன வங்காருன்னு ஒரு ராஜா. மேலத்தெருவையே தீ வச்சுக் கொளுத்துன புண்ணியவான். எங்க கீழத்தெருவைக் கொளுத்தல, கசையால அடிச்சதோட விட்டுட்டான். அந்த நன்றியில, அவன் செத்து வேற ராஜா வந்த பொறவும் எங்க ஆளுங்க வீட்டுக்கு வீடு அவனோட கழுகுக் கொடியைப் பறக்க விட்டாங்க. அம்புட்டு அறிவு எங்களுக்கு.

தேர்த்திருவிழா வந்துச்சு. அந்தக் கொடி பறக்குற தெருவுல நாங்க வடம் பிடிக்க மாட்டோம்னு மேலத்தெருவுல சொல்லிட்டாங்க. அவங்க இழுக்கலேன்னா தேர் நகராது. ராஜா கொடியை இறக்கச் சொன்னாரு. எங்க ஆளுங்க இன்னும் உசரமாக் கட்டுனாங்க.

ராஜா சபை விகடன் சீத்தையனைக் கூப்பிட்டாரு. "தேர் கிளம்புறதுக்கு முன்னால கொடி இறங்கணும். ஒருத்தன் மேலயும் கை படக்கூடாது. முடியலையா, நீ வேற சீமை பாத்துக்க."

சீத்தையன் வந்து, ஏன்யா இதைக் கட்டுறீங்கன்னு விசாரிச்சான். எங்க முப்பாட்டன் ஒச்சப்பன் நெஞ்சை நிமித்தி, "வங்காரு காலத்து மானம்யா"ன்னாரு. நிமித்துனதுல முதுகுக் கசைத் தழும்பு இழுத்துச்சு. லேசா முனகிக்கிட்டாரு.

மறுநாள் தண்டோரா போட்டாங்க. கொடி கட்டுன வீடுகளை ராஜா மெச்சுறாராம். வங்காரு காலத்து முறை அத்தனையும் அவங்களுக்குத் திரும்பக் கிடைக்குமாம். முறை என்ன? கொடி பறக்குற வீட்டுல சிப்பாய்ங்க தங்குவாங்க, வீட்டுக்காரன் ஆக்கிப் போடணும். சாயங்காலமே வந்து சம்மணம் போட்டுட்டாங்க. கோழி போச்சு. கட்டில் போச்சு. கொழம்புல உப்பு பத்தலைன்னு பேச்சு வேற. கொடியெல்லாம் மடமடன்னு இறங்கிருச்சு.

ஒண்ணு மட்டும் இறங்கல. எங்க வீட்டுது.

ராஜாவே பாக்க வந்துட்டாரு. சீத்தையன் முப்பாட்டனைத் தனியா ஓரங்கட்டி, இன்னும் என்னய்யான்னு கேட்டான்.

"இறக்கிரலாம் சாமி. கட்டுன அன்னைக்கே எம்பொண்டாட்டி பொன்னாத்தா வேணாம்னு சொன்னா. இப்ப இறக்குனா 'நாந்தான் சொன்னேன்ல'ம்பா. அதுக்குச் சிப்பாயே தேவலை."

"காத்துல விழுந்துருச்சுன்னு சொல்லும்"னான் சீத்தையன்.

முப்பாட்டன் மூஞ்சில விளக்கேத்துன மாதிரி ஆயிருச்சு. தானே கம்பைப் புடுங்கிக் கீழ போட்டாரு. "ஏ பொன்னாத்தா, காத்துல கொடி விழுந்துருச்சு."

உள்ளருந்து சத்தம் வந்துச்சு. "ஆமாமா. வேப்பமரத்துல ஒரு இலை அசையல, உங்க கம்பை மட்டும் காத்து தேடி வந்து அடிச்சுச்சாக்கும்."

ராஜா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. கைக்காப்பைக் கழட்டிச் சீத்தையனுக்குப் போட்டாரு. தேரும் நகந்துச்சு.

எங்க குடும்பத்துல இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் தப்பே பண்ணதில்ல. எல்லாம் காத்துதான்.