விரல் உயர ஊர்

வந்து உட்காருங்கள். சத்தம் போடாமல் கேட்டால் சொல்கிறேன். இன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் அசதி. எந்தச் சீமை, எந்த வருஷம் என்றெல்லாம் குறுக்கே கேட்காதீர்கள். எனக்குச் சொன்னவர்களுக்கே அது மறந்துபோயிருந்தது. ஒரு ராஜா இருந்தார். அவர் ஆட்சியில் மாறநேரி என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊருக்கு வீழியப்பர் என்று ஒரு தலைவர் இருந்தார். இவ்வளவு போதும்.

வீழியப்பர் கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். விடிந்தால் அவர் வாசலில் வழக்கு நிற்கும். வேலித் தகராறு, மாடு மேய்ந்த தகராறு, மாமியார் மருமகள் தகராறு. கேட்டுக் கேட்டு மனுஷனுக்குக் காது புளித்துப்போனது.

அவருக்கு இருந்த ஒரே ஆறுதல் பொம்மை. ஊரில் இருக்கிற ஆளுக்கு ஒன்று என்று குயவரிடம் சொல்லி, விரல் உயரத்தில் மண் பொம்மைகள் செய்து வாங்கி, கூடத்தில் ஒரு பலகை நிறைய நிறுத்தியிருந்தார். மதியச் சாப்பாடு ஆனதும் கதவைச் சாத்திக்கொண்டு அவற்றோடு உட்காருவார். எலி தட்டிவிட்டு உடைந்த கையைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவார். வெடிப்பில் களிமண் பூசுவார். அணில் மயிர்த் தூரிகையால் காவியும் சுண்ணாம்பும் கரியும் தீட்டுவார். அப்போது மட்டும் அவர் முகத்தில் சிரிப்பு வரும். பாவம், அதை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

குற்றம் இனிமேல்தான் வருகிறது.

மழை பொய்த்தது. ஊர் வாடியது. முதலில் சூளைக்கார முத்தழகன் வந்தான். "தலைவரே, சூளையில கை வெந்துபோச்சு. விரலை மடக்க முடியல. ஒரு வைத்தியரை வரவழைங்க."

"ஆகட்டும், பார்க்கலாம்" என்றார் தலைவர். அன்று மதியம் முத்தழகன் பொம்மையின் கையைச் சீராக்கி வண்ணம் தீட்டினார். மனசு லேசானது. வைத்தியருக்கு ஆள் போகவில்லை.

அடுத்துத் தறிக்காரர் கங்கேயன் வந்தார். "இடுப்புல கட்டின துணியும் கிழிஞ்சுபோச்சு, சமைக்கவும் ஒண்ணுமில்ல. ஊர்க் களஞ்சியத்தைத் திறங்க, தலைவரே."

களஞ்சியத்தைத் திறந்தால் யாருக்கு எவ்வளவு என்று மறுபடி நூறு தகராறு வரும். நினைத்தாலே தலைவருக்கு அலுப்பாக இருந்தது. "ஆகட்டும், பார்க்கலாம்." அன்று மதியம் கங்கேயன் பொம்மைக்குச் சிவப்புக் கரை வேட்டி வந்தது. மனசு லேசானது.

கடைசியில் ஆடு மேய்க்கிற பூவாயி வந்தாள். "ஐயா, ஒரு வேளைக் கஞ்சிக்குப் பிள்ளைங்க அழுவுதுங்க." தலைவர் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆகட்டும், பார்க்கலாம்." அன்று மதியம் பூவாயி பொம்மையின் கன்னத்தில் களிமண் வைத்து உப்பலாக்கினார். பிள்ளைகளுக்கும் அப்படியே, பலகையில் மீதி இருந்தவர்களுக்கும் அப்படியே. மூன்று பேர் குறையையும் தீர்த்துவிட்டதாகவே அவருக்குத் தோன்றியது. கூத்தைப் பாருங்கள்!

அந்த நேரம் பார்த்து ராஜா வந்து சேர்ந்தார். மலைக்கோட்டைக்குக் கல் சுமக்க ஊருக்கு நூறு பேர் வேண்டும் என்று ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டிருந்தார். மாறநேரிச் சனங்கள் காலில் விழுந்தார்கள். "நிக்கவே தெம்பில்ல மகாராஜா. இந்த உடம்போட மலையேறினா ஒருத்தரும் திரும்ப மாட்டோம்!"

ராஜாவுக்கும் பயணக் களைப்பு. "போகிற ஊரெல்லாம் இதே பாட்டு" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு, மோர் குடிக்கத் தலைவர் வீட்டுக்குள் நுழைந்தார். பலகையைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"இது உன் ஊரா?"

"ஆமாம் மகாராஜா, ஆளுக்கு ஒன்று."

"உள்ளது உள்ளபடி செய்ததா?"

ராஜாவே குனிந்து தன் கைவேலையைப் பார்க்கிறார்! தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. "உள்ளது உள்ளபடிதான் மகாராஜா" என்றார் பெருமையோடு.

"அப்படியா சங்கதி! எல்லாரும் கொழுகொழுவென்று இருந்துகொண்டு வாசலில் நடிக்கிறார்களா? நூறு பேரைக் கட்டி இழுத்து வாருங்கள்!" என்று ராஜா கத்தினார். காவலர்கள் ஓடினார்கள். தலைவர் முகம் வெளுத்தது. ராஜா அதைக் கவனித்தார்.

"என்ன? உள்ளது உள்ளபடிதானே?"

ராஜாவிடம் பொய் சொன்னவன் கதி என்ன ஆகும் என்று தலைவருக்குத் தெரியும். "ஆ... ஆமாம்" என்றார் பயத்தில்.

அதற்குள் ஒரு காவலன் பூவாயியை வாசல்வரை இழுத்து வந்துவிட்டான். அவள் கத்தவில்லை, கத்தத் தெம்பில்லை. "என் பிள்ளைங்களுக்கு யாராவது கஞ்சி ஊத்துங்க" என்று மட்டும் சொன்னாள். தலைவர் அன்றுதான் அவள் முகத்தைப் பார்த்தார். எலும்பும் தோலும்தான் இருந்தது.

"கடைசியாகக் கேட்கிறேன்" என்றார் ராஜா. "உள்ளபடிதானா?"

தலைவர் பலகையிலிருந்து ஒரு பொம்மையை எடுத்தார். நடந்துபோய்ப் பூவாயியின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். "இல்லை மகாராஜா. இது இவளுடைய பொம்மை. நீங்களே பாருங்கள். பொய் சொன்னது இவள் இல்லை, நான்."

ராஜா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எல்லாரையும் அவிழ்த்துவிடச் சொன்னார். களஞ்சியத்தை அப்போதே திறக்கச் சொன்னார். "சனங்களை விட்டுவிட்டேன்" என்றார். "இரண்டு தடவை என்னிடம் பொய் சொன்ன உன்னை விடமாட்டேன். நீ வா, கல் சுமக்க."

தலைவர் கிளம்பினார். பூவாயியைத் தாண்டும்போது கை கூப்பினார். "என்னை மன்னிச்சிடு பூவாயி."

"மன்னிக்கவும் தெம்பு வேணுமுங்க" என்றாள் அவள். "முதல்ல பிள்ளைங்க சாப்பிடட்டும்." சொல்லிவிட்டுக் களஞ்சியத்துப் பக்கம் நடந்தாள்.

அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்: ஒருவர் துன்பத்தைப் போக்க உங்களால் முடியும்போது, போக்கிவிட்டதாக நினைத்து உங்கள் மனசை மட்டும் ஆற்றிக்கொண்டு உட்காராதீர்கள்.