வியர்க்காத பானை

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அவ்வூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று நான் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், ஓர் அரசர் இருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் சித்திரை வெயில் ஏறினால் அவருக்கு நிதானம் போய்விடும். அப்படியொரு பகலில் கட்டடப் பள்ளி மாணவர்கள் புதிய கொலுமண்டபத்தின் மாதிரியைத் தூக்கிக்கொண்டு சபைக்கு வந்தார்கள். சுமை தூக்கினால் வியர்க்காதா? வாடை பட்டதும் அரசர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இனி இச்சபையில் வியர்ப்பது எதுவாயினும் வெளியேற்றப்படும். யாருக்கும் வியர்க்காத மண்டபத்தை இவர்களே கட்டித் தரட்டும். இல்லையேல் பள்ளியை மூடிவிடுங்கள்."

பள்ளி நிலத்தில் குதிரைலாயம் கட்டக் காத்திருந்த அமைச்சர் மாறவேளுக்கு உள்ளூரக் கொண்டாட்டம். "விசிறிக்காரர்களும் கூடாது, மன்னவா. பொறுப்பை விகடகவி சாத்தையன் ஏற்கட்டும்" என்றார். சாத்தையனைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

சாத்தையனுக்குச் செங்கல் அடுக்கக்கூடத் தெரியாது. ஆனாலும் மாணவர்களின் வாடிய முகங்களைப் பார்த்தபின் மறுக்க மனம் வரவில்லை.

பள்ளிக்குப் போனதும், "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. இந்த வெயில்ல நம்ம உடம்பு வெந்து போகாம எப்படித் தப்பிக்குது, அதைச் சொல்லுங்க" என்றான்.

"அதான் வேர்க்குதே" என்றாள் குழலி என்ற மாணவி எரிச்சலாக. சொன்னவள் எழுந்துபோய், மூலையிலிருந்த தண்ணீர்ப் பானையைத் தொட்டுப் பார்த்தாள். "இதுக்கும் வேர்க்குது. மனுசங்களுக்குப் பதிலா சுவருக்கு வேர்த்தா என்ன?"

மண்பானைகளை அடுக்கிச் சுவராக்கி, தண்ணீர் நிரப்பி, ஒரு சிறிய அறை கட்டினார்கள். உள்ளே ஒரே புழுக்கம். தொப்பலாக நனைந்து வெளியே வந்தவர்களுக்குக் காற்று பட்ட பிறகுதான் உயிர் வந்தது. குழலி கடப்பாரையால் எதிர்ச்சுவரில் ஒரு வழி திறந்தாள். காற்று பானைகளைத் தடவிக்கொண்டு உள்ளே ஓடியது. அறை குளிர்ந்தது.

செய்தி மாறவேளின் காதுக்கு எட்டிவிட்டது. "மன்னவா, அவர்கள் கட்டுவது வியர்க்கும் சுவர். தங்கள் ஆணைக்கே விரோதம்."

"ஆணை ஆணைதான். இடித்துவிட்டுப் பள்ளியையும் மூடுங்கள்" என்றார் அரசர்.

சாத்தையன் பணிந்து நின்றான். "நியாயம்தான், மன்னவா. முதலில் தங்கள் தண்ணீர்ப் பானையை வெளியேற்ற உத்தரவிடுங்கள். அதற்கும் வியர்க்கிறது."

காவலர்கள் அதைத் தூக்கிப் போனார்கள். அங்கே உள்ளும் புறமும் மெழுகு பூசிய பானை ஒன்றைச் சாத்தையன் வைத்தான். "இது ஒழுக்கமான பானை. ஒரு சொட்டு வியர்க்காது."

பிற்பகலில் அரசர் அதிலிருந்து ஒரு வாய் குடித்தார், முகம் சுளித்தார். "வெதுவெதுப்பாக இருக்கிறதே?"

"ஆணைக்குக் கீழ்ப்படிந்த பானை, மன்னவா. வியர்த்தால்தானே குளிரும்?"

அரசர் தம் நெற்றியைத் தொட்டு, விரலில் பட்ட ஈரத்தைப் பார்த்தார். "இத்தனை காலம் என்னைக் காத்துவந்ததையா நான் துரத்தச் சொன்னேன்?"

"இருந்தாலும் ஆணை..." என்று இழுத்தார் மாறவேள்.

"ஆணைப்படி முதலில் வெளியேற வேண்டியவன் நான்தான்" என்று அரசர் அரியணையிலிருந்து இறங்கி முற்றத்துக்கு நடந்தார். வியர்த்த முகத்தில் காற்று வீசியது. அங்கேயே நின்று வயிறு குலுங்கச் சிரித்தார். "ஆணை ரத்து. பள்ளி இருக்கட்டும், என் மண்டபத்தையும் அவர்களே கட்டட்டும். சாத்தையா, உனக்கு என்ன வேண்டும்?"

"பள்ளி பிழைத்ததே போதும், மன்னவா. அந்த ஒழுக்கமான பானையை மட்டும் ஆணையை மதிக்கிற யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும்."

அரசர் தம் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தையன் கழுத்தில் போட்டார். பானை மாறவேள் வீட்டுக்குப் போனது. கோடை முடியும்வரை அவர் அதில்தான் தண்ணீர் குடித்தாராம்.