பவளக்கொடி ஓட்டிக் காட்டிய மேடு

ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில், சோடியத்தை உலையில் வைத்துச் சூடாக்கி ஆவியாக்குவது பவளக்கொடியின் வேலை. அந்த ஆவிக்குள் பாசிட்ரான் என்கிற நுண்துகளைப் பாய்ச்சுவார் பேராசிரியர் தாண்டவராயன். ஒருநாள் திரையில் ஓடிய கோடு ஓரிடத்தில் மேடாக எழும்பியது. “ஒத்ததிர்வு! சோடியம் அணு பாசிட்ரானைக் கொஞ்ச நேரம் பிடிச்சு வச்சுட்டு, அப்புறம் விடுது! என் கண்டுபிடிப்பு!” என்று, அதைச் சரிபார்க்கப் பெரிய நிபுணர் குழுவையே வரவழைத்துவிட்டார்.

“ஐயா, அது மெஷின் பண்ற கோளாறு மாதிரி இருக்குங்க” என்றாள் பவளக்கொடி.

குழுவின் முன்னால் அவருக்கு முகம் சிவந்துபோயிற்று. “பத்தாவது படிச்ச நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா? பத்தே நிமிஷத்துல நிரூபி. இல்லேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே!”

“சரிங்கய்யா” என்றவள் நேரே போய் மெஷினை ஓட்டினாள். அதே இடத்தில் அதே மேடு.

பேராசிரியர் துள்ளிக் குதித்தார். “சோடியம் எப்படிப் பிடிக்குது, பாத்தியா!”

“பாத்தேன்யா. இவ்வளவு தள்ளி இருந்துக்கிட்டே பிடிக்குதே, அதான் ஆச்சரியம்!”

அவளுடைய ஒரு கையில் எண்ணெய் பாட்டில். அதற்குள் அன்றைய சோடியம் உலைக்கே போகாமல் முழுசாகக் கிடந்தது. இன்னொரு கையில் கழுவித் துடைத்த உலைக்கிண்ணம்.

குழுவினரின் சிரிப்பு அடங்கியதும் குழுத் தலைவி பேராசிரியரிடம் சொன்னார்: “நாளைக்கும் உலை இவங்ககிட்டதான் இருக்கணும், சார். நீங்க எதை எழுதுறதா இருந்தாலும் இவங்களைக் கேட்டுட்டு எழுதுங்க.”