நடுவில் இருந்தது

“துண்டு அத்தனையும் சரியா இருக்குதுங்க மேடம். கோர்த்ததும் சரி. ஆனா வேலை செய்ய மாட்டேங்குது. ஏனுங்க?”

நாச்சிமுத்து குடுவையை மேசைமேல் வைத்தார். உள்ளே சாயத் தண்ணீர் சிவப்பாகவே இருந்தது.

பேராசிரியை யூனிஸ் அதைப் பார்த்தார்.

நாச்சிமுத்து அவரைவிட வயதில் மூத்தவர். வேதியியல் படித்துவிட்டுச் சாயப்பட்டறையில் மாஸ்டராக இருந்தவர். பட்டறைக் கழிவால் சுற்றுவட்டாரக் கிணறுகள் சிவந்தன. பட்டறையை மூடினார்கள். அதன் பிறகுதான் இந்த ஆய்வகத்துக்கு மாணவராக வந்தார்.

வரும்போது பட்டறைக்குப் பின்னாலிருந்து ஒரு டப்பா சேறு கொண்டுவந்தார். அந்தச் சேற்றில் ஊற்றினால் சாயம் வெளுத்தது. அதிலிருந்த ஒரு பாக்டீரியா சாயத்தைத் தின்றது.

ஆனால் அது மெல்ல வளர்ந்தது. அடிக்கடி செத்தது.

“அதை நம்பி இருக்க முடியாது,” என்று அப்போது சொல்லியிருந்தார் யூனிஸ். “அதோட டி.என்.ஏ.ல நமக்கு வேண்டிய துண்டுகளை மட்டும் எடுத்துக்குவோம். எல்லாத் துண்டுக்கும் ஓரம் ஒரே மாதிரி அமைச்சுட்டா எதையும் எதோடயும் கோர்க்கலாம். எந்த ஊர் ஆய்வகத்துலயும் கோர்க்கலாம்.”

அப்படித்தான் செய்தார்கள். தொடக்கத் துண்டு. இரண்டு மரபணுத் துண்டுகள். முடிவுத் துண்டு. தனித்தனியே சோதித்தபோது ஒன்றிலும் குறையில்லை. எல்லாவற்றையும் கோர்த்து, ஆய்வகத்தில் நன்றாக வளரும் வேறொரு பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள்.

தண்ணீர் வெளுக்கவில்லை.

“சேத்துப் பாக்டீரியாவுல ரெண்டு மரபணுவுக்கும் நடுவுல என்ன இருந்துச்சு?” என்று இப்போது கேட்டார் யூனிஸ்.

“கொஞ்சம் நீளமா ஏதோ இருந்துச்சுங்க. நம்ம வகை எதுலயும் சேரல. விட்டுட்டோம்.”

“அதோட எழுத்து வரிசையைப் படிச்சுப் பார்த்தோமா?”

“இல்லீங்க.”

“சரி, அந்தப் பழைய பாக்டீரியாவை எடுங்க. இப்பப் படிப்போம்.”

நாச்சிமுத்து நகரவில்லை.

“துண்டு கைக்கு வந்ததும் அதை அழிச்சுட்டேனுங்க. ஃப்ரீசர்ல இடம் வேண்டியிருந்துச்சு.”

“சேறு?”

“அதுவும்தானுங்க.”

யூனிஸ் குடுவையை மேசையின் ஓரத்துக்கு நகர்த்தினார்.

“ஊருக்குப் போய் மறுபடியும் எடுத்துட்டு வாங்க.”

போனார்.

பட்டறை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் எழும்பியிருந்தது. முன்பு சேறு எடுத்த பின்பக்கப் பள்ளத்தை மண்ணடித்து மூடி, கார் நிறுத்துவதற்குச் சிமெண்ட் போட்டிருந்தார்கள்.

ஓரங்களில் கிடைத்த ஈரமண்ணையெல்லாம் டப்பாக்களில் அள்ளினார்.

அடுத்த தோட்டத்துப் பாவாத்தாள் வேலியோரம் வந்து நின்றார். அவருடைய கிணறு இன்னும் சிவப்புதான்.

“மாஸ்டர், கெணத்துல உடறதுக்கு என்னமோ கண்டுபுடிச்சாச்சுன்னு சொன்னீங்களே. எப்பங்க கொண்டாருவீங்க?”

“இன்னும் கொஞ்ச நாள் ஆகுமுங்க.”

“ஆகட்டுங்க. லாரித் தண்ணி வந்துட்டுத்தான் இருக்குது. நீங்க ஒன்னும் பதறாதீங்க.”

நாச்சிமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. டப்பாவின் மூடியைத் திருகுவதுபோலக் குனிந்துகொண்டார்.

ஆய்வகத்துக்குத் திரும்பி ஒவ்வொரு டப்பாவிலும் சாயம் ஊற்றிப் பார்த்தார். எதிலும் வெளுக்கவில்லை. மறுபடி ஊருக்குப் போய் அள்ளிவந்தார். அதிலும் இல்லை.

“அழிச்சது என் தப்புங்க மேடம்,” என்றார்.

“நடுவுல இருந்தது வேண்டாம்னு சொன்னது யாரு?”

நாச்சிமுத்து டப்பாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

“நான்தான் சொன்னேன்,” என்றார் யூனிஸ். “அப்ப உங்களுக்கு ஒன்னும் தோணலையா?”

“தோணுச்சுங்க. எதுக்குன்னு தெரியல, ஆனா இருந்துட்டுப் போகட்டுமேன்னு தோணுச்சு. உங்ககிட்டக் கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு.”

“அப்புறம்?”

“ஒரு துண்டு குறைஞ்சா வேலை சீக்கிரம் முடியுமேன்னு விட்டுட்டேனுங்க. அன்னிக்கே நான் கேட்டிருக்கோணும்.”

யூனிஸ் ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

“நீங்க கேட்டிருந்தாலும், நான் கேட்டிருக்க மாட்டேன் சார்,” என்றார்.