கீழாநெல்லி காயை மறைத்த கதை

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கும் வாய் இருந்தது. மனுஷரோடு சரிக்குச் சரி பேசும், கோபித்துக்கொள்ளும், மரியாதையாகக் கூப்பிட்டால் கூடவே வரும். மூலிகையெல்லாம் மலையில்தான் குடியிருந்தது. ஊரில் யாருக்காவது சளி பிடித்தால்கூட ஒருவன் மலையேறித்தான் தூதுவளை பறித்து வரவேண்டும்.

மலையடிவாரத்தில் ஒச்சாயிக்கும் அவள் புருஷன் மாயனுக்கும் ஒரு துண்டு நிலம் இருந்தது. சோளம் போட்டால் மயிலும் பன்றியும் தின்றதுபோக ஒன்றும் தேறாது. அதற்குப் பதிலாக மூலிகையைக் கூட்டிவந்து குடிவைத்தால் என்ன என்று ஒச்சாயிக்குத் தோன்றியது. மலையேறிப் போய் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். மூலிகை என்றாலும் அதுகளுக்கும் பிகு உண்டே! தன்மேல் நிழல் விழக் கூடாது என்றது தும்பை. கரிசலாங்கண்ணி வாய்க்கால் ஓரம் கேட்டது. ஏறிப் படர வேலி இருந்தால்தான் வருவேன் என்றது தூதுவளை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

கடைசியில் கீழாநெல்லி. அப்போது அதற்குப் பெயர் வெறும் சிறுநெல்லி. முழங்கால் உயரம்கூட இருக்காது. ஆனால் மஞ்சள்காமாலைக்கு அதை விட்டால் வேறு மருந்து கிடையாது. அந்த நாளில் அதன் காயெல்லாம் இலைக்கு மேலே, போகிறவர் வருகிறவர் பார்க்கும்படி வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

"என்னை வேரோட பிடுங்கு தாயி, வேண்டாங்கல. ஆனா காய் முத்தி மண்ணுல விழுந்த பெறகு பிடுங்கு. வெதை விழலேன்னா எங்க வம்சமே இல்லாமப் போயிரும்" என்றது.

ஒச்சாயி தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அதை நம்பி மலையில் இருந்த மொத்தக் கூட்டமும் அவள் பின்னால் இறங்கி வந்து, கிணற்றோரப் பாத்தியில் வேர்விட்டது.

ஒச்சாயிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஊரார் அதை நல்ல குணம் என்பார்கள். யார் எதைக் கேட்டாலும் அவளுக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது. அந்த வருஷம் புதுத்தண்ணி வந்ததும் ஊருக்குள் காமாலை புகுந்தது. கண் மஞ்சள் பூத்தவர்கள் அவள் வாசலில் வந்து நின்றார்கள். முதலில் காய் விழுந்த செடியாகப் பார்த்துத்தான் பிடுங்கினாள். அது தீர்ந்ததும் முற்றாத காயோடு இருந்ததிலும் கை வைத்தாள். சிறுநெல்லி சத்தியத்தை ஞாபகப்படுத்தியது. சாகக் கிடக்கிறவனிடம் காய் முற்றட்டும், அப்புறம் வா என்று எப்படிச் சொல்வது என்று அவள் கேட்டாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆனால் விழுந்த விதையை எறும்புகள் ஒன்று விடாமல் இழுத்துக்கொண்டு போனதை அவள் கவனிக்கவே இல்லை.

இப்படிப் பிடுங்கிப் பிடுங்கிப் பாத்தியில் ஒரே ஒரு செடி மிஞ்சியது. அதைச் சுற்றி முள்ளை வெட்டிப் போட்டாள். யார் வந்தாலும் தரமாட்டேன் என்று மாயனிடம் வீறாப்பாகச் சொன்னாள்.

வந்தது வேறு யாருமில்லை. மாயனுக்கே காமாலை வந்தது. சோறு இறங்கவில்லை, கண்ணும் நகமும் மஞ்சளாகி ஆள் எழுந்து உட்கார முடியாமல் போனது. ஒச்சாயிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முள்ளை விலக்கிக்கொண்டு போய்ச் செடி முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

"சத்தியம் பண்ணுனது நான்தான். இல்லேங்கல. ஆனா எம்புருஷன் செத்துருவான். நான் என்ன செய்ய?"

செடி வாயே திறக்கவில்லை. இலைமேல் ஒரு காய்கூட இல்லை. தன் அழிச்சாட்டியத்தில் செடி காய்க்கவே மறந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். ஒரு வம்சத்தையே அறுக்கிறோம் என்று தெரிந்தே கண்ணை மூடிக்கொண்டு வேரோடு பிடுங்கினாள். வரப்போடு ஓடி வீட்டுக்கு வந்து, அரைத்து மோரில் கலக்கிப் புகட்டினாள். மாயன் பிழைத்துக்கொண்டான்.

ஒச்சாயிதான் தேறவில்லை. அந்தப் பாத்திப் பக்கமே அவள் போவதில்லை. மற்ற மூலிகைகளோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அடுத்த மழைக்கு வரப்பில் களையெடுக்கக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் ஓடிவந்த தடம் நெடுக, வீட்டு வாசல்வரைக்கும், சிறுநெல்லி முளைத்துக் கிடந்தது. ஒன்றைத் தொட்டு இலையைப் புரட்டினாள். அடியில் காய்கள் வரிசையாகத் தொங்கின. அவள் செடியைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது இதே மாதிரி ஒளிந்திருந்த காய்கள்தான் வெடித்து வழியெல்லாம் விதையைச் சிதறியிருந்தன.

"என்கிட்டயே மறைச்சுட்டியே" என்றாள்.

"உங்கிட்ட இருந்துதான் தாயி மறைச்சேன். உன்னை நம்பி வெளிய வச்சிருந்தா இன்னைக்கு நான் இல்லை. அடுத்து உன் வீட்டுல ஒருத்தருக்கு நோவு வந்தா மருந்தும் இல்லை."

ஒச்சாயிக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

அதுமுதல்தான் சிறுநெல்லி கீழாநெல்லியாகி இலைக்கு அடியில் காய்க்கிறது. பாத்திகட்டி அழைக்காமலே வரப்பிலும் வாசலிலும் தானாக முளைக்கிறது. அந்தப் பக்கத்து ஜனங்களும் இன்றுவரை அதைப் பிடுங்குமுன் இலையைப் புரட்டிப் பார்க்கிறார்கள். காய் முற்றியிருந்தால்தான் கை வைப்பார்கள்.